கலைத் தத்துவம் எழுத வர்றவங்க எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?

நீங்க கேட்டதைச் சுருக்கமா சொல்லிட்டு ஆரம்பிக்கறேன், மத்தவங்களுக்கும் புரியும். படம் பாப்பீங்க, பாட்டு கேப்பீங்க, நாடகம் விடமாட்டீங்க, அதெல்லாம் மனசுல கிளப்பற கேள்விகளைப் பத்தி எழுதணும்னு ஆசை, ஆனா தத்துவம் முறையா படிச்சதில்ல. தகுதி இருக்கா, விமர்சனத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம், முதல்ல எதைப் படிக்கணும், "எல்லாம் அவங்கவங்க ரசனை"ன்னு ஒருத்தர் வாயை அடைச்சா என்ன சொல்றது, தமிழ்ல எழுதினா வார்த்தை போதுமா. அஞ்சு கேள்வி. வரிசையா பதில் சொல்லமாட்டேன், ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகும்.

தகுதி விஷயத்தை முதல்லயே முடிச்சுடலாம், அதுல இழுக்க ஒண்ணும் இல்ல. தாராளமா எழுதலாம். இந்தத் துறைக்குப் பேர் வெச்சவரே சின்னப் பையன்தான். அலெக்சாந்தர் பாம்கார்ட்டன்னு ஒரு ஜெர்மன்காரர், 1735ல தன்னோட 21 வயசுல கவிதையைப் பத்தி எழுதின ஆய்வேட்டுலதான் நாம இப்ப அழகியல்னு சொல்றோமே அந்த வார்த்தையைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். புத்தியால யோசிக்கறதுக்குத் தர்க்கம்னு ஒரு சாஸ்திரம் இருக்கு, கண்ணு காது வழியா வர்ற அறிவுக்கு ஏன் அப்படி ஒண்ணு இல்லைன்னு கவிதை படிக்கற ஒரு ஆளுக்கு வந்த உறுத்தல், அவ்ளோதான் ஆரம்பம். இந்த உறுத்தல்ங்கற வார்த்தையை நான் இன்னும் நாலஞ்சு தடவை சொல்லுவேன், பொறுத்துக்கங்க, ஏன்னா எனக்குச் சொல்ல இருக்கறதே அதுதான்.

நான் எழுத ஆசைப்பட்ட காலத்துல விவரம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட போய் நின்னேன். "மொதல்ல ஹெகலை முடிச்சுட்டு வாப்பா"ன்னார். ஹெகல் ஒரு பெரிய ஜெர்மன் தத்துவக்காரர், கலை பத்தின அவரோட விரிவுரைங்க அவர் போனதுக்கு அப்புறம் மாணவர் ஒருத்தர் குறிப்புகளை எல்லாம் சேத்துத் தொகுத்தது, ஆங்கிலத்துல ஆயிரம் பக்கத்துக்கு மேல போகும். நானும் நல்ல பிள்ளையா தூக்கிட்டுப் போய் நாப்பதாவது பக்கத்துல முட்டிக்கிட்டு, சரி நமக்கு இது ஒத்துவராதுன்னு மூணு வருஷம் ஒரு வரி எழுதாம இருந்தேன். ஹெகல் மேல இப்ப எனக்குக் கோவம் இல்ல, பின்னாடி படிச்சப்ப பல இடத்துல அசந்துதான் போனேன். ஆனா வாசல்ல நிக்கறவனை மொட்டைமாடிக்கு ஏணி போட்டு ஏறி வான்னு சொல்ற மாதிரி ஒரு வரவேற்பு அது.

விமர்சனத்துக்கும் தத்துவத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கிச் சொல்றதை விட ஒரு கேஸைச் சொல்றேன். 1926ல கான்ஸ்டன்டின் ப்ரான்குஸியோட ஒரு சிற்பம் நியூயார்க் துறைமுகத்துல வந்து இறங்குது. 'வெளியில் பறவை'ன்னு பேரு, வெளின்னா ஆகாய வெளி. வெண்கலம், கண்ணாடி மாதிரி பாலிஷ், நீளமா ஒல்லியா மேல போகப்போக லேசா வளைஞ்சு இருக்கும், இறக்கை கிடையாது, அலகு கிடையாது, கண்ணு கிடையாது. கலைப்பொருளுக்கு அங்க சுங்கவரி இல்ல. கஸ்டம்ஸ்காரங்க பாத்தாங்க, இது எந்த ஊர்ப் பறவை, இது உலோகச் சாமான்னு சொல்லி 40 சதவீதம் வரி போட்டுட்டாங்க. ப்ரான்குஸி தரப்பு கோர்ட்டுக்குப் போச்சு. அதுக்கு முன்னாடி இருந்த ஒரு தீர்ப்புப்படி சிற்பம்னா இயற்கையில இருக்கற உருவத்தை அதோட அளவுப்படி போலச் செஞ்சிருக்கணும். அதனால கூண்டுல ஏறின சாட்சிகளை எல்லாம் கேள்வியா கேட்டுத் துளைச்சாங்க. இதைப் பறவைன்னு சொல்றீங்களே, பறவை மாதிரியா இருக்கு? காட்டுல பாத்திருந்தா சுடுவீங்களா? நல்லா வேலை தெரிஞ்ச ஒரு மெக்கானிக் இதையே பாலிஷ் பண்ணி எடுத்திருந்தா அதையும் கலைன்னுதான் சொல்வீங்களா? அவன் பாலிஷ் போட்டுடுவான், ஆனா இப்படி ஒரு பொருளை மனசுல உருவாக்க அவனால முடியாதுங்கற மாதிரி ஒரு சிற்பி பதில் சொன்னார். 1928 நவம்பர்ல ப்ரான்குஸி பக்கம் தீர்ப்பு வந்துச்சு. உருவத்தைப் போலச் செய்யாம கருத்தை வடிக்கப் பாக்கற ஒரு புதுக் கலை கிளம்பியிருக்கு, நமக்குப் பிடிக்குதோ இல்லையோ அப்படி ஒண்ணு இருக்குங்கறதை ஒத்துக்கணும்ங்கற போக்குல.

இதுல விமர்சகரோட வேலை, அந்த வளைவு எப்படி வேலை செய்யுது, ப்ரான்குஸியோட முந்தைய பறவைகளுக்கும் இதுக்கும் என்ன உறவு, சிற்பமா இது தேறுதா இல்லையான்னு பாக்கறது. தத்துவக்காரரோட வேலை அந்தக் கோர்ட்டுல கேட்ட மாதிரி கேக்கறது. போலச் செய்யறது கலைக்கு அவசியமா, அதே பொருளை வேற ஆள் வேற நோக்கத்தோட செஞ்சிருந்தா அது வேற பொருளா, பேர் வெக்கறதால ஒரு பொருள் மாறிடுமா. கஸ்டம்ஸ் ஆபீசரைக் கிண்டல் பண்றது ஃபேஷன், எனக்கு என்னவோ அவர் மேல மரியாதைதான். அவருக்கு எது உறுத்திச்சோ அதை ஒளிக்காம கேட்டார். நான் படிச்ச பாதிக் கட்டுரைங்களை விட அந்த 40 சதவீத ரசீதுல தத்துவம் ஜாஸ்தி.

இப்ப முதல் கட்டுரைங்களுக்கு வர்றேன். புதுசா எழுதறவங்க நிறைய பேர் எனக்கு அனுப்பிப் பாக்கச் சொல்வாங்க, அதுல பத்துக்கு ஏழு "ஆதி மனிதன் குகைச் சுவரில் கோடு கிழித்த காலம் தொட்டே"ன்னுதான் ஆரம்பிக்கும். அப்புறம் பிளேட்டோவுக்கு ரெண்டு வரி, அரிஸ்டாட்டிலுக்கு ரெண்டு வரி, காண்ட்டுக்கு ஒண்ணரை, நடுவுல யாராவது ஒரு பிரெஞ்சுக்காரர், கடைசில "ஆக, கலை என்பது வாழ்வின் கண்ணாடி"ன்னு முடிஞ்சிருக்கும். என்னோட முதல் கட்டுரையும் இதே ஜாதிதான், அதை நான் யாருக்கும் காட்டறதில்ல. இதுல தப்பு தகவல்ல இருக்காது. எழுதினவர் எங்கயுமே இருக்கமாட்டார், அதான் குறை. ஒரு படைப்பைக்கூட அவர் நேருக்கு நேர் பாத்திருக்கமாட்டார், ஒரு இடத்துலயாவது திணறியிருக்கமாட்டார்.

இதுக்கு நேர்மாறா ஒண்ணு சொல்றேன். ரெக்கார்டிங் ஸ்டூடியோவுல வேலை பாக்கற ஒரு சவுண்ட் இன்ஜினியர், பேர் வேண்டாம், இசை பத்திய தத்துவம்னு ஒரு கட்டுரை அனுப்பினார். மேல சொன்ன அதே குகை மனுஷன், அதே கண்ணாடி. ஆனா நாலாவது பக்கத்துல போறபோக்குல ஒரு வரி இருந்துச்சு. ஒரு பாடகரோட ஏழு டேக்ல இருந்து துண்டுதுண்டா எடுத்து, சுருதி தப்பின ரெண்டு மூணு இடத்தைச் சரிபண்ணி, மூச்சு இழுக்கற சத்தத்தைக் குறைச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு முழுசா ஓடவிட்டுக் கேட்டப்ப அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சாம். அடுத்த வரியில, "ஆனால் இந்தப் பாட்டை யாரும் எப்போதும் பாடவில்லை"ன்னு எழுதிட்டு, அப்படியே ஷோபன்ஹவர்ங்கற ஜெர்மன் தத்துவக்காரருக்குப் போயிட்டார்.

நான் அவருக்குத் திருப்பி எழுதினது இதுதான்: அந்த ஒரு வரியை மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சம் எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க. யோசிச்சுப் பாருங்க, எவ்ளோ பெரிய புதையல் மேல உக்காந்துக்கிட்டு இருந்திருக்கார். யாரும் பாடாத பாட்டுக்கு எதுக்கு அழுதீங்க? அந்தப் பாடகரோட உணர்ச்சிக்கா? ஆனா நீங்க கேட்ட அந்த ஏத்த இறக்கத்தை அவர் ஒரே மூச்சுல பாடவே இல்லையே, நீங்கதானே ஒட்டினீங்க. அப்ப உங்க கைவேலைக்கா? அப்படின்னா அதை ஏன் பாடகரோட பாட்டுன்னு வெளியிடறோம், இதுல ஏதாவது ஏமாத்து இருக்கா? சினிமாவுல ஒரு சண்டைக் காட்சி அம்பது துண்டை ஒட்டினதுன்னு தெரிஞ்சும் யாருக்கும் ஏமாந்த மாதிரி தோணறதில்லையே, பாட்டுல மட்டும் ஏன் தோணுது? ஒருவேளை ரெக்கார்டிங்னா நடந்ததைப் பதிவு பண்றதுன்னு நாம நினைக்கறதே தப்போ, அது தனி ஒரு கலைவடிவமோ?

இங்க வந்தப்புறம்தான் படிப்பு உதவிக்கு வரும். க்ளென் கூல்ட்னு அந்த கனடா பியானோக்காரர், 1964 ஏப்ரல்ல லாஸ் ஏஞ்சலீஸ்ல வாசிச்சதோட மேடைக் கச்சேரியையே விட்டுட்டார், அப்புறம் வாழ்நாள் பூரா ஸ்டூடியோதான். 1966ல ரெக்கார்டிங் பத்தி எழுதின கட்டுரையில, இசையமைப்பாளர் பாக்கோட ஒரு ஃப்யூக்கை, அதாவது ஒரே மெட்டைப் பல குரல் ஒண்ணையொண்ணு துரத்திக்கிட்டு வர்ற ஒரு இசை வடிவத்தை, பதிவு பண்ணின கதையைச் சொல்றார். ஆறாவது டேக்கும் எட்டாவது டேக்கும் தனித்தனியா நல்லாத்தான் இருந்துச்சு, ஒண்ணு ரொம்ப கனமா, இன்னொண்ணு துள்ளலா, ஆனா ரெண்டுமே முழுசுக்கும் கேட்டா சலிப்பு. அப்ப ஒண்ணோட தொடக்கத்தையும் முடிவையும் இன்னொண்ணோட நடுப்பகுதியையும் ஒட்டினாங்க, ரெண்டு டேக்லயும் இல்லாத ஒரு அர்த்தம் வந்துடுச்சுங்கறார். வாசிக்கும்போது தோணாதது, கேட்டு வெட்டும்போது தோணிச்சு. நம்ம இன்ஜினியர் இதைப் படிச்சுட்டு கூல்ட் சொல்றதோட பாதி ஒத்துப்போறேன், பாதி ஒத்துப்போகலைன்னு எழுதினார், ஏன்னா கூல்ட் வெட்டி ஒட்டினது தன்னோட வாசிப்பை, இவர் வெட்டினது இன்னொருத்தர் குரலை. அந்த வித்தியாசத்துலதான் அவரோட கட்டுரை நின்னுச்சு. பன்னெண்டு பக்கம் நாலு பக்கமாச்சு. நான் அதுக்கு முன்னாடி அப்படி யோசிச்சதே கிடையாது.

வரிசையைக் கவனிச்சீங்கன்னா உறுத்தல் முதல்ல, புத்தகம் பின்னால. முதல் கட்டுரையிலயாவது இப்படித்தான் பண்ணணும்னு நான் கொஞ்சம் பிடிவாதமாவே சொல்றேன்.

சரி, உறுத்தல் கிடைச்சாச்சு, அடுத்து என்ன பண்றது? இந்தத் துறைக்காரங்க கையில வெச்சிருக்கற ஒரே ஆயுதம் மாத்திப் பாக்கறதுதான். ஒண்ணை மட்டும் மாத்து, மிச்சத்தை அப்படியே வை, என்ன ஆகுதுன்னு பாரு. கெண்டல் வால்ட்டன்னு ஒரு அமெரிக்கத் தத்துவக்காரர் 1970ல எழுதின ஒரு கட்டுரையில இதைப் பிரமாதமா பண்ணியிருப்பார். பிக்காசோவோட 1937 'குவெர்னிக்கா'வை எடுத்துக்கறார். ஓவியம்ங்கற கலையே இல்லாத ஒரு சமூகம் இருக்குன்னு வெச்சுக்கங்கங்கறார், அதுக்குப் பதிலா அவங்ககிட்ட 'குவெர்னிக்காக்கள்'னு ஒரு கலை இருக்கு. எல்லாத்துலயும் அதே உருவம் அதே நிறம், ஆனா பலகை தட்டையா இல்லாம மேடும் பள்ளமுமா, ஒண்ணு கூரா, ஒண்ணு அலையலையா புடைச்சுக்கிட்டு இருக்கும். அவங்க கண்ணுக்கு உருவமும் நிறமும் பெருசா தெரியாது, அது எல்லாத்துலயும் ஒண்ணுதானே. மேடு பள்ளத்தைத்தான் பாப்பாங்க. இப்ப நம்ம பிக்காசோ படத்தைக் கொண்டுபோய்க் காட்டினா? நமக்கு அலறலா, வெறியா தெரியற அதே படம் அவங்களுக்குத் தட்டையா, சில்லுனு, உயிரே இல்லாம, ஒருவேளை சாந்தமாக்கூடத் தெரியும். படத்துல ஒரு புள்ளிகூட மாறல. ஒரு படைப்பு எப்படிப்பட்டதுங்கறது அதை எந்த வகையில வெச்சுப் பாக்கறோம்ங்கறதைப் பொறுத்ததுன்னு அவர் சொல்றதை இதுக்கு மேல விளக்கவேண்டிய அவசியமே இல்ல.

சில சமயம் இந்த மாத்திப் பாக்கற வேலையை உலகமே பண்ணிக் கொடுத்துடும். ஹான் ஃபான் மேகரென்ங்கற டச்சு ஓவியரோட கதை அப்படி. 1937ல, பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரோட இதுவரைக்கும் தெரியாத ஒரு ஓவியம்னு 'எம்மாவூஸ் விருந்து' வெளியில வருது, வெர்மீர் விஷயத்துல பெரிய ஆளான ஆபிரகாம் ப்ரேடியஸ், இது உச்சபட்சப் படைப்புன்னு எழுதறார், ராட்டர்டாம் மியூசியம் வாங்கி மாட்டுது, ஜனங்க மெய்மறந்து பாக்கறாங்க. 1945ல மேகரென்னைக் கைது பண்றாங்க, எதுக்கு, ஹிட்லரோட சகா கோரிங்குக்கு ஒரு வெர்மீரை வித்த குத்தத்துக்கு, நாட்டோட சொத்தை நாஜிக்கு வித்தான்னு. மனுஷன் பாத்தார், ஐயா அது வெர்மீரே இல்ல, நான் வரைஞ்சது, எம்மாவூஸும் நான் வரைஞ்சதுதான்னுட்டார். நம்பலை. காவல்ல வெச்சே சாட்சிகளுக்கு முன்னால இன்னொண்ணு வரைஞ்சு காட்டினார். 1947ல ஒரு வருஷ தண்டனை, அதை அனுபவிக்கறதுக்கு முன்னாடியே அந்த டிசம்பர்ல இறந்துட்டார்.

இப்ப கேள்வி. 1938ல அந்தப் படத்துக்கு முன்னாடி உருகின ஒருத்தர் 1946ல அதே படத்துக்கு முன்னாடி நின்னு உதட்டைப் பிதுக்கினா, எது மாறிச்சு? அவரோட உருகல் அசல்தானே, அப்ப இப்ப பிதுக்கறது வெறும் வறட்டு ஜம்பமா? புதுசா எழுதறவங்க இங்க உடனே ஒரு பக்கம் சாஞ்சுடுவாங்க, "கண்ணுக்குத் தெரியறதுதான் முக்கியம், யார் வரைஞ்சா என்ன"ன்னு. சாயலாம், ஆனா சாயறதுக்கு முன்னாடி எதிர்ப்பக்கத்தோட பெஸ்ட் வாதத்தை நீங்களே எழுதிப் பாத்துடணும். நெல்சன் குட்மன்ங்கற தத்துவக்காரர் 1968ல சொன்ன வாதம் ஒண்ணு இருக்கு. ரெண்டு படத்துக்கு வித்தியாசம் இன்னிக்கு என் கண்ணுக்குத் தெரியாம இருக்கலாம், ஆனா ஒண்ணு போலின்னு தெரிஞ்ச நிமிஷத்துலேருந்து நான் பாக்கற விதம் மாறிடுது, எங்க வித்தியாசம் இருக்கும்னு கண்ணு தேட ஆரம்பிக்குது, நாளைக்குத் தெரியவும் வரலாம். நடந்ததும் அதுதான். மேகரென் படங்களை வெர்மீர் குவியல்லேருந்து தனியா எடுத்து வெச்சப்புறம், இப்ப சாதாரண ஆளுக்குக்கூட அந்த முகங்க 1930களோட முகம்னு பட்டுனு தெரியுது. அன்னிக்கு ப்ரேடியஸுக்குத் தெரியல. அப்ப அறிவு கண்ணைக் கெடுக்குதா, திறக்குதா? எனக்கு குட்மன் பக்கம்தான் சாயத் தோணுது, ஆனா எந்தக் காலத்துலயும் எந்தக் கண்ணுக்கும் வித்தியாசமே தெரியாத பிரதி ஒண்ணு இருந்தா அப்பவும் இந்த வாதம் நிக்குமான்னு ஒரு உறுத்தல் பாக்கி இருக்கு. உங்க கட்டுரையிலயும் அந்த மாதிரி ஒண்ணு பாக்கி இருந்தா அதை மறைக்காதீங்க, வாசிக்கறவங்க பிடிச்சுக்கிட்டுப் பேசறதுக்கு அந்த இடம்தான் வேணும்.

"எல்லாம் அவங்கவங்க ரசனை" கேள்வி. இதைச் சொல்றவங்க பொதுவா பேச்சை முடிக்கறதுக்குத்தான் சொல்வாங்க, ஆனா தத்துவத்துல இது பேச்சு ஆரம்பிக்கற இடம். ஸ்காட்லாந்துத் தத்துவக்காரர் டேவிட் ஹியூம் 1757ல இதை வெச்சுத்தான் ஒரு கட்டுரை எழுதினார், அதுல டான் கிஹோத்தே நாவல்லேருந்து ஒரு குட்டிக்கதையை எடுத்துக்கறார். கதாநாயகனோட வேலையாள் சாஞ்சோ, அவனோட சொந்தக்காரங்க ரெண்டு பேரை ஒரு பீப்பாய் ஒயினை ருசி பாத்துச் சொல்லச் சொல்றாங்க. நல்லாத்தான் இருக்கு, ஆனா லேசா தோல் வாடைங்கறார் ஒருத்தர். நல்லாத்தான் இருக்கு, ஆனா லேசா இரும்பு ருசிங்கறார் இன்னொருத்தர். சுத்தி நிக்கறவங்க எல்லாம் சிரிக்கறாங்க. பீப்பாயைக் காலி பண்ணிப் பாத்தா அடியில தோல்வாரு கட்டின ஒரு பழைய சாவி கெடக்கு. ருசி நாக்குலதான் இருக்கு, சரி, ஆனா நாக்குல நாக்குக்கு வித்தியாசம் உண்டு, பழக்கப்பட்ட நாக்கு பீப்பாய்க்குள்ள நெஜமாவே இருக்கறதைப் பிடிக்குதுங்கறார் ஹியூம்.

ரசனைவாதிக்கு இந்தப் பதிலைச் சொல்லுங்க, கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். கொஞ்ச நேரம்தான், ஏன்னா புத்திசாலியா இருந்தா உடனே கேப்பார், சரிங்க, ஒரு கவிதைக்கு அடியில எந்தச் சாவி கெடக்கு? நல்ல கேள்வி, இரும்பு இருக்குங்கறது வேற, இரும்பு ருசி இருந்தா குறைங்கறது வேற. முதலாவதுக்கு சாட்சி கிடைச்சிச்சு, ரெண்டாவதுக்கு? இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியில உக்காந்துக்கிட்டுத்தான் கடந்த இருநூத்தம்பது வருஷமா எழுதிக்கிட்டு இருக்காங்க. நீங்களும் ஒரு ஓரமா உக்காரலாம்.

விவரிக்கறதைப் பத்தி ஒரு விஷயம், சின்னதுதான். ஃப்ராங்க் சிப்லிங்கற தத்துவக்காரர் 1959ல ஒண்ணைக் காட்டினார், ஒரு படம் நளினமா இருக்குங்கறதை அதோட கோடு, நிறம் இதையெல்லாம் பட்டியல் போட்டு நிரூபிக்க முடியாது. மெல்லிசான வளைவு, வெளிறின நிறம் இதே சாமான் வெச்சு ஒரு படம் நளினமாகும், இன்னொண்ணு சோகையாகும். அப்ப என்னதான் பண்றதுன்னா, சுட்டிக் காட்டணும், இதோ இந்த வளைவு இங்க வந்து நிக்குது பாரு, இது கொஞ்சம் தாண்டியிருந்தா எப்படி இருக்கும் பாருன்னு. அதனால கட்டுரையில "அற்புதமான", "ஆழமான"னு போட்டுட்டு நகராதீங்க, அந்தப் படத்தைப் பாக்காதவன் கையைப் பிடிச்சு எந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போகணுமோ கூட்டிட்டுப் போங்க. அதுக்கப்புறம் அவன் ஒத்துக்கலாம், ஒத்துக்காமலும் போகலாம்.

எதைப் படிக்கறதுன்னு கேட்டீங்க. மேல சொன்ன ஹியூம், சிப்லி, வால்ட்டன் மூணுமே குட்டிக் கட்டுரைங்க, ஒரு வாரக் கடைசிக்கு ஒண்ணுன்னு முடிச்சுடலாம். அதோட ஆர்தர் டான்ட்டோங்கற தத்துவக்காரர் 1964ல எழுதின கட்டுரை ஒண்ணு, அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் அந்த வருஷம் ஏப்ரல்ல நியூயார்க்ல ஒரு காலரியில சோப்பு போட்ட பாத்திரம் தேய்க்கற நார் விக்கற ப்ரில்லோ கம்பெனியோட அட்டைப்பெட்டி மாதிரியே மரப்பெட்டி செஞ்சு அடுக்கி வெச்சதைப் பாத்துட்டு, கடையில இருக்கற பெட்டி ஏன் கலை இல்ல, இது மட்டும் ஏன் கலைன்னு அவருக்கு வந்த உறுத்தல். ஒரு சுவாரசியம், அந்தக் கடைப் பெட்டியை டிசைன் பண்ணின ஜேம்ஸ் ஹார்வியும் ஒரு ஓவியர்தான், சொந்தமா அரூப ஓவியம் வரைவார், பொழைப்புக்கு டிசைன். டான்ட்டோவைப் படிக்கும்போது ஹார்வியை மனசுல வெச்சுக்கிட்டுப் படிச்சா கேள்வி இன்னும் சிக்கலாகும். காண்ட்டோட 1790 புத்தகத்தை இப்போதைக்கு விடுங்க, அது ஓடிப்போற இடமில்ல.

சமஸ்கிருத, தமிழ் மரபுலேருந்து எடுக்கலாமான்னு சிலர் தயங்கறாங்க, சிலர் தயங்காம "எல்லாம் அப்பவே இருந்துச்சு"ன்னு மார்தட்ட ஆரம்பிச்சுடறாங்க, ரெண்டும் வேண்டாம். வாதம் பண்ற ஆளா கூட்டிட்டு வாங்க. சங்குகர்னு ஒருத்தர், அவரோட நூல் இப்ப கிடையாது, அபிநவகுப்தர் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி நாட்டிய சாஸ்திரத்துக்கு எழுதின உரையில எடுத்துச் சொல்றதாலதான் தெரியுது. மேடையில ராமனா நடிக்கறவரைப் பாக்கும்போது நமக்கு என்ன மாதிரி அறிவு வருதுன்னு கேக்கறார். இவர் ராமனேன்னு நினைக்கறதில்ல, ராமன் இல்லைன்னும் நினைக்கறதில்ல, ராமனா இருக்குமோன்னு சந்தேகமும் இல்ல, ராமன் மாதிரின்னு ஒப்பிடறதும் இல்ல, ஓவியத்துல இருக்கற குதிரையைக் குதிரைன்னு சொல்றமே அந்த மாதிரி தனி ஒரு வகைங்கறார். அபிநவகுப்தரோட குரு பட்ட தௌதர் இதை விடாம எதிர்த்தார், நடிகன் ராமனைப் போலச் செய்யறான்னா ராமனை எவன் பாத்திருக்கான், எதைப் பாத்துப் போலச் செய்யறதுன்னு. கதையில வர்ற பேயைப் பாத்து நாம பயப்படறது நெஜப் பயமான்னு வால்ட்டன் 1978ல எழுதினாரே, அவர் மேஜையில இந்த ரெண்டு பேரையும் உக்கார வெச்சா சண்டை எப்படிப் போகும்னு எழுதிப் பாருங்க, யார் முதல்ல சொன்னாங்கற கேள்வி தானா ஒதுங்கிடும்.

ஏற்கனவே எழுதிக்கிட்டு இருக்கற பழைய ஆளுங்களும் இதைப் படிப்பீங்க, உங்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். புதுசா ஒருத்தர் தட்டுத்தடுமாறி ஒண்ணு எழுதிட்டு வந்தா "இதைக் காண்ட் எப்பவோ சொல்லிட்டாரே"ன்னு சொல்லாதீங்க. உண்மையாவே சொல்லியிருந்தாலும்கூட. தானா யோசிச்சு காண்ட் வரைக்கும் வந்தவனைப் பாத்து சந்தோஷப்படாம என்ன பழக்கம் இது? எந்தப் படைப்பு, எந்த இடம், எது உறுத்திச்சுன்னு கேளுங்க, ஒரு தடவைக்கு ஒரே ஒரு ஆட்சேபம் வைங்க, பதினெட்டு ஆட்சேபத்தோட திரும்பி வந்த கட்டுரையை அதுக்கப்புறம் அவர் திறக்கவே மாட்டார்.

கடைசியா தமிழ் வார்த்தை. போதுமான்னு கேட்டா, சில இடத்துல இடிக்கும், ஆனா இடிக்கற இடம்தான் எனக்குப் பிடிச்ச இடம். அழகியல்னு சொல்றோம், அதுக்குள்ளயே அழகு உக்காந்துக்கிட்டு இருக்கறதால கோரமான ஓவியத்தைப் பத்தி எழுதினா இது எப்படி அழகியல்னு கேக்கறாங்க. பாம்கார்ட்டன் எடுத்த கிரேக்க வார்த்தைக்குப் புலன் வழியா உணர்றதுன்னுதான் அர்த்தம், அழகு அதுல கிடையாது. அந்த விதத்துல தொல்காப்பியத்தோட மெய்ப்பாடுங்கற சொல் இன்னும் கிட்டக்க வருது, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகைன்னு எட்டு, உள்ள இருக்கறது உடம்புல தெரியறது. அருவருப்பான இளிவரலுக்கும் அந்த லிஸ்ட்ல சமமா இடம் இருக்கு பாருங்க. காண்ட் சொல்ற அந்த விருப்பு வெறுப்பு கலக்காத ரசிப்பை "பற்றற்ற"ன்னு மொழிபெயர்த்தா சாமியார் ஞாபகம் வந்துடுது, நான் "ஆதாயம் பாக்காத"ன்னு எழுதறேன், ஓரளவுக்கு ஒப்பேறுது.

படைப்புங்கற வார்த்தைதான் என்னை இன்னும் படுத்தற ஒண்ணு. 1917ல நியூயார்க்ல, கட்டணம் கட்டினா யார் வேணா வெக்கலாம்னு அறிவிச்ச ஒரு கண்காட்சிக்கு பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டூஷாம்ப் கடையில கிடைக்கற ஒரு பீங்கான் யூரினலை 'நீரூற்று'ன்னு பேர் வெச்சு ஆர். மட்னு கையெழுத்துப் போட்டு அனுப்பினார், அவங்க வெக்கமாட்டோம்னுட்டாங்க, அது அப்புறம் தொலைஞ்சும் போச்சு, ஒரு போட்டோ மட்டும் மிச்சம், 1964ல அவர் சம்மதத்தோட பிரதிங்க செஞ்சாங்க. ஆங்கிலத்துல இதைக் கலை வேலைன்னு பொதுவா ஒரு வார்த்தையில சொல்லிட்டுத் தாண்டிடலாம். தமிழ்ல நான் 'டூஷாம்பின் படைப்பு'ன்னு எழுதும்போதெல்லாம் கை நின்னுடுது, அவர் எங்கங்க படைச்சார், வாங்கினார். தேர்வுன்னு எழுதலாமா, செய்கைன்னு எழுதலாமா, இல்ல படைப்புன்னே எழுதிட்டு அந்த வார்த்தையோட அர்த்தத்தை அவர் மாத்திட்டார்னு வாதம் பண்ணலாமா? தொலைஞ்சு போனதுதான் அதுன்னா 1964ல செஞ்சது என்ன, அதையாவது படைச்சாங்களா? மூணு தடவை எழுதி மூணு தடவையும் கிழிச்சுட்டேன். வேற உறுத்தல் எதுவும் உடனே கைல இல்லைன்னா இதை எடுத்துக்கங்க, எழுதிட்டு அனுப்புங்க, நான் முதல் ஆளா படிக்கறேன்.